பூட்டு இருந்தா போதுமா? இலவச எஸ்.எஸ்.எல். போட்ட வெப்சைட்டை நம்பிப் பணம் கட்டலாமா?



போன வாரம் நம்ம சேனல் பார்க்கிற ஒருத்தர் மெயில் அனுப்பியிருந்தார். நாலே வரி. "மேடம், உங்க வெப்சைட்டோட செக்யூரிட்டி சர்டிபிகேட்டைத் திறந்து பார்த்தேன். லெட்ஸ் என்கிரிப்ட்னு போட்டிருக்கு. அது ஓசியில கிடைக்கிறதாமே? ஊருக்கெல்லாம் பணத்தைப் பத்திரமா வெச்சுக்கச் சொல்ற நீங்களே இப்படிச் செய்யலாமா?"

நல்ல கேள்வி. பதில்: ஆமாங்க, ஓசிதான். மாத்தப் போறதும் இல்லை. ஏன்னு இந்தக் கட்டுரையில விளக்கமா சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். என்னோட பழைய வீடியோ ஒண்ணுல நான் கொடுத்த அறிவுரையைத் திரும்ப வாங்கிக்கணும். அதை நம்பி என் கிளையண்ட் ஒருத்தர் 62,000 ரூபாயை இழந்தார்.

"நீ சொன்ன பூட்டு இருந்துச்சே கண்ணு"

2022 ஜூலை மாசம். ரிட்டர்ன் ஃபைல் பண்ற சீசன். எங்க ஆபீஸ்ல மூச்சு விட நேரம் இருக்காது. அப்போ ஒரு பெரியவர் வந்து வெளியில ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வருஷா வருஷம் அவருக்கு நான்தான் ரிட்டர்ன் போடுவேன்.

அவருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்திருக்கு. 'உங்கள் வருமான வரி ரீஃபண்ட் தயார். வங்கிக் கணக்கை உறுதி செய்யவும்'னு ஒரு லிங்க். நிஜமாவே அவருக்கு ரீஃபண்ட் வரவேண்டியிருந்தது. லிங்க்கைத் தொட்டார். அசோகச் சக்கரம், வருமான வரித்துறை லோகோ, எல்லாம் அச்சு அசலா இருந்திருக்கு. தன் வங்கியைத் தேர்ந்தெடுத்து நெட் பேங்கிங் ஐடி, பாஸ்வேர்டு போட்டார். ஓ.டி.பி. வந்தது, அதையும் போட்டார். அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ரெண்டு தடவையா 62,000 ரூபாய் போயிடுச்சு.

என்கிட்ட வந்தது ஆறாவது நாள். பையனுக்குத் தெரிஞ்சா திட்டுவானேன்னு யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கார். எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டு ஒரு வார்த்தை கேட்டார்: "கண்ணு, நீ வீடியோவுல சொன்ன மாதிரியே பூட்டு இருக்குதான்னு பார்த்துட்டுத்தான் போட்டேன். பூட்டு இருந்துச்சே கண்ணு?"

எனக்குப் பதில் வரல.

2019ல போட்ட அந்த வீடியோவுல நான் சொன்னது இதுதான்: "பணம் கட்டுறதுக்கு முன்னாடி மேலே பூட்டுச் சின்னம் இருக்கான்னு பாருங்க. இருந்தா பயப்பட வேண்டாம்." முதல் வாக்கியம் சரி. ரெண்டாவது வாக்கியம் தப்பு. வீடியோவை அன்னிக்கே எடுத்துட்டேன். ஏன் எடுத்தேன்னு மட்டும் எழுதாம விட்டுட்டேன். இந்த மெயில் அதை ஞாபகப்படுத்திடுச்சு.

அந்தப் பூட்டு உண்மையில என்ன சொல்லுது?

ஒரு வெப்சைட் முகவரி ஹெச்.டி.டி.பி.எஸ்.னு ஆரம்பிச்சா, உங்க போனுக்கும் அந்த வெப்சைட்டோட சர்வருக்கும் நடுவில போற தகவல் எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டுப் போகுதுன்னு அர்த்தம். ரயில்வே ஸ்டேஷன் வைஃபையில நீங்க பாஸ்வேர்டு அடிச்சாலும் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவன் அதை எட்டிப் படிக்க முடியாது. நடுவழியில யாரும் மாத்தவும் முடியாது.

சீல் வெச்ச கவர்ல பணத்தைப் போட்டு அனுப்புற மாதிரி. வழியில யாரும் பிரிக்க மாட்டாங்க. ஆனா கவர் மேல திருடன் வீட்டு விலாசத்தை எழுதியிருந்தா? திருடன் வீட்டுக்கே பத்திரமா போய்ச் சேரும். எங்க தலைமை ஆசிரியரோட பாஸ்வேர்டும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

இந்த மறையாக்கத்துக்கு வெப்சைட்காரர் ஒரு சர்டிபிகேட் வாங்கி வைக்கணும். அதைக் கொடுக்கிற அமைப்புக்கு சர்டிபிகேட் அத்தாரிட்டின்னு பேர். சுருக்கமா சி.ஏ. பாருங்க, அங்கேயும் சி.ஏ.தான் கையெழுத்துப் போடுறாங்க!

முன்னாடி இதுக்கு வருஷா வருஷம் காசு கட்டணும். அதனாலேயே சின்ன வெப்சைட்கள் பலதும் பூட்டே இல்லாம ஓடிட்டு இருந்தது. இதை மாத்தினது லெட்ஸ் என்கிரிப்ட். அமெரிக்காவில இருக்கிற ஐ.எஸ்.ஆர்.ஜி.ங்கிற லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துது. 2015 கடைசியில எல்லாருக்கும் இலவசமா சர்டிபிகேட் கொடுக்க ஆரம்பிச்சாங்க. 2018 ஜூலையில கூகுள் குரோம், பூட்டு இல்லாத எல்லா வெப்சைட்டுக்கும் 'பாதுகாப்பற்றது'ன்னு முத்திரை குத்த ஆரம்பிச்சதும், இந்த இலவச சர்டிபிகேட்டை எல்லாரும் தேடிப் போனாங்க. இன்னிக்குக் கோடிக்கணக்கான வெப்சைட்கள் அதுலதான் ஓடுது. நம்ம சைட்டும் அதுல ஒண்ணு.

அப்போ இலவசம்னா மட்டமா?

சர்டிபிகேட்ல மூணு வகை இருக்கு. இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

முதல் வகை, டொமைன் சரிபார்ப்பு. "இந்த வெப் முகவரி உன் கட்டுப்பாட்டுல இருக்கா?" இது ஒண்ணுதான் கேள்வி. ஒரு ரகசியக் குறியீட்டைக் கொடுத்து 'இதை உன் சர்வர்ல வெச்சுக் காட்டு'ன்னு கேட்பாங்க. வெச்சுட்டா சர்டிபிகேட் ரெடி. எல்லாம் கம்ப்யூட்டரே பண்ணிடும். லெட்ஸ் என்கிரிப்ட் இந்த வகையை மட்டும்தான் தருது.

ரெண்டாவது வகை, நிறுவனச் சரிபார்ப்பு. கம்பெனிப் பதிவு, விலாசம் எல்லாம் பார்த்து, நிறுவனத்தோட பேரையும் சர்டிபிகேட்ல எழுதுவாங்க. இது காசு கொடுத்து வாங்கறது.

மூணாவது வகை, விரிவான சரிபார்ப்பு. இன்னும் கொஞ்சம் அதிகமா ஆவணங்கள் பார்ப்பாங்க. விலையும் கூடும்.

இப்போ முக்கியமான பாயிண்ட். மறையாக்கத்தோட பலம் இந்த மூணுலயும் ஒண்ணுதான். ஓசி சர்டிபிகேட்ல போற பாஸ்வேர்டும், ஆயிரக்கணக்குல கொட்டிக் கொடுத்து வாங்கின சர்டிபிகேட்ல போற பாஸ்வேர்டும் ஒரே அளவுக்குத்தான் பத்திரம். அந்தப் பலத்தைத் தீர்மானிக்கிறது சர்வரை எப்படி அமைச்சிருக்காங்கங்கிறது. வித்தியாசம் எல்லாம், 'யாருக்குக் கொடுத்திருக்கு'ன்னு எவ்வளவு விசாரிச்சாங்கங்கிறதுல மட்டும்தான்.

"லெட்ஸ் என்கிரிப்ட் 90 நாள்தான் செல்லும், அதனால அது டெம்ப்ரவரி"ன்னு ஒரு பேச்சு இருக்கு. அதுவும் தப்பு. சாவி தொலைஞ்சா பாதிப்பு கொஞ்ச நாளோட முடியட்டும்னுதான் காலத்தைக் குறைச்சு வெச்சிருக்காங்க. இப்போ காசு கொடுத்து வாங்குறதுக்கும் அதே கதிதான். அதிகபட்சம் 398 நாள் வரைக்கும் இருந்த காலத்தை 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள்னு படிப்படியா குறைக்க அந்தத் துறையே முடிவு பண்ணியிருக்கு.

காசு கொடுத்து வாங்கினா நம்பலாமா?

இங்கதான் நிறைய பேர் தப்புக் கணக்குப் போடுறாங்க. ரெண்டு நிஜக் கதை சொல்றேன்.

2011ல நெதர்லாந்தில டிஜிநோட்டார்னு ஒரு சர்டிபிகேட் அத்தாரிட்டி இருந்தது. காசுக்கு சர்டிபிகேட் விக்கிற கம்பெனி. அந்த நாட்டு அரசாங்கமே அவங்ககிட்டதான் வாங்கிட்டு இருந்தது. ஹேக்கர்கள் உள்ளே புகுந்து கூகுள் பேரிலேயே போலி சர்டிபிகேட் தயார் பண்ணிட்டாங்க. அதை வெச்சு ஈரான்ல இருந்தவங்களோட ஜிமெயிலை ஒட்டுக்கேட்க முடிஞ்சது. பிரவுசர்கள் எல்லாம் டிஜிநோட்டாரைக் கைகழுவிடுச்சு. அதே செப்டம்பர்ல கம்பெனி திவால்.

ரெண்டாவது கதை 2017. ஸ்ட்ரைப்னு ஒரு பெரிய பேமெண்ட் கம்பெனி, அமெரிக்காவில டெலவேர் மாநிலத்தில பதிவானது. ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கென்டக்கி மாநிலத்துக்குப் போய் அதே பேர்ல ஒரு கம்பெனியைச் சட்டப்படி பதிவு பண்ணினார். அந்தக் கம்பெனிக்கு மூணாவது வகை, அதாவது இருக்கிறதுலயே உயர்ந்த சர்டிபிகேட்டையும் வாங்கிட்டார். பிரவுசர்ல முகவரிக்குப் பக்கத்துல நிஜ கம்பெனியோட பேரே அழகா வந்து உட்கார்ந்தது. எதுவும் சட்டவிரோதம் இல்லை, எந்த ஆவணமும் பொய் இல்லை. கம்பெனி பதிவுக்கும் சர்டிபிகேட்டுக்கும் சேர்த்து 200 டாலர்கூட ஆகலை. யாரையும் ஏமாத்தறதுக்காக அவர் இதைச் செய்யலை. இந்த முறையில ஓட்டை இருக்குன்னு காட்டத்தான் செஞ்சார்.

2019 செப்டம்பர்ல குரோம் முகவரிப் பட்டையில கம்பெனி பேர் காட்டுறதையே நிறுத்திடுச்சு. 2023 செப்டம்பர்ல பூட்டுச் சின்னத்தையே எடுத்துட்டு, ரெண்டு கோடும் ரெண்டு வட்டமும் இருக்கிற ஒரு செட்டிங்ஸ் சின்னத்தை வெச்சாங்க. கூகுள் 2021ல நடத்தின ஆய்வுல பூட்டோட சரியான அர்த்தம் தெரிஞ்சவங்க 11 சதவீதம் பேர்தானாம். மீதி 89 சதவீதத்துல நானும் ஒருத்தி. அதுவும் ஊருக்கே வீடியோ போட்ட ஒருத்தி!

ஒரு சி.ஏ.வுக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்

எனக்கு வெட்கமா இருக்கிறதுக்குக் காரணமே இதுதான். சர்டிபிகேட்ங்கிறது என்னோட தினசரி வேலை.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போற பசங்களுக்கு நெட்வொர்த் சர்டிபிகேட் கொடுப்போம். 'என்னிடம் காட்டப்பட்ட ஆவணங்களின்படி, இந்தத் தேதியில், இவருக்கு இவ்வளவு சொத்து'. அவ்வளவுதான் அதுல இருக்கும். இவர் நல்லவர், கடனைத் திருப்பிக் கட்டுவார், பொய் பேச மாட்டார்னு அதுல ஒரு வரிகூட இருக்காது. சர்டிபிகேட் எதைச் சொல்லுதோ அதை மட்டும்தான் சொல்லுது. ஆர்டிகிள்ஷிப் முதல் வருஷத்துல எங்களுக்குச் சொல்லித் தர்ற பாடம் இது.

இன்னொண்ணும் பாருங்க. சி.ஏ. இல்லாதவங்களே சி.ஏ. கையெழுத்தைப் போட்டு போலி சர்டிபிகேட் அடிச்சுட்டு இருந்தாங்க. அதுக்காக எங்க இன்ஸ்டிட்யூட் யு.டி.ஐ.என்.னு ஒரு 18 இலக்க எண்ணைக் கொண்டு வந்தது. 2019 பிப்ரவரி 1 முதல் நாங்க கொடுக்கிற ஒவ்வொரு சர்டிபிகேட்லயும் அது கட்டாயம். யார் வேணா அந்த எண்ணைப் போட்டு, இது நிஜமா ஒரு சி.ஏ. கொடுத்ததுதானான்னு பார்த்துக்கலாம். ஆனா அந்த எண்ணும் 'உள்ளே இருக்கிற விஷயம் எல்லாம் சத்தியம்'னு சொல்லாது. கொடுத்தது யாருன்னு மட்டும் சொல்லும்.

வெப்சைட் சர்டிபிகேட்டும் அதேதான். 'இந்த முகவரிக்குத்தான் நீங்க பேசிட்டு இருக்கீங்க'ன்னு சொல்லுது. அந்த முகவரி யாரோடது, அவன் யோக்கியனாங்கிறது நாமதான் பார்க்கணும். எப்படிப் பார்க்கிறதுன்னு வரிசையா சொல்றேன். இதுதான் இந்தக் கட்டுரையில நீங்க கத்துக்க வேண்டிய பகுதி.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷச் சோதனை

1. முகவரியை வலமிருந்து இடமா படிங்க.

முகவரியில ஹெச்.டி.டி.பி.எஸ்.ஸுக்கு அப்புறம் வர்ற ரெட்டைச் சாய்வுக் கோட்டை விட்டுடுங்க. அதுக்கப்புறம் முதல் ஒற்றைச் சாய்வுக் கோடு எங்கே வருதுன்னு பாருங்க. அதுக்கு இடது பக்கம் ஒட்டி இருக்கிற கடைசித் துண்டுகள்தான் உண்மையான முதலாளி. 'இன்கம்டேக்ஸ் டாட் கவ் டாட் இன்' அப்படின்னு முடிஞ்சா அது அரசாங்கத்தோடது. 'இன்கம்டேக்ஸ் டாட் கவ் டாட் இன் டாட் ஏதோஒருபெயர் டாட் காம்'னு முடிஞ்சா அது அந்த ஏதோஒருபெயரோட வெப்சைட். முன்னாடி எவ்வளவு அரசாங்கப் பேர் ஒட்டியிருந்தாலும் கணக்கில்லை. தலைமை ஆசிரியர் போன முகவரி இந்த மாதிரிதான் இருந்தது. போன் திரையில முன்பாதி மட்டும்தான் தெரிஞ்சிருக்கு.

2. வங்கின்னா 'டாட் பேங்க் டாட் இன்' பாருங்க.

2025 பிப்ரவரியில ரிசர்வ் வங்கி அறிவிச்ச விஷயம் இது. எல்லா வங்கிகளும் தங்களோட வெப்சைட்டை 'டாட் பேங்க் டாட் இன்'னு முடியற முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள்ள மாத்தணும்னு சொன்னாங்க. ஹைதராபாத்ல இருக்கிற ஐ.டி.ஆர்.பி.டி. மட்டும்தான் இந்தப் பேரைக் கொடுக்க முடியும். வங்கி இல்லாதவன் காசு கொடுத்தாலும் கிடைக்காது. அதனால பூட்டைவிட இந்த முடிவு எழுத்துக்கள் பல மடங்கு உபயோகம். ஆனா ஜாக்கிரதை: புள்ளிக்குப் பதிலா நடுவில சின்னக் கோடு போட்டு 'பேங்க்-இன் டாட் காம்'னு வந்தா அது வேற ஆள்.

3. சர்டிபிகேட்டைத் திறந்து பாருங்க.

கம்ப்யூட்டர்ல குரோம்னா, முகவரிக்கு இடது பக்கம் இருக்கிற சின்னத்தைத் தொட்டு, கனெக்ஷன் பாதுகாப்பானதுங்கிற வரிக்குள்ள போய், சர்டிபிகேட்டைத் திறங்க. யாருக்குக் கொடுத்தது, யார் கொடுத்தது, எப்போ முதல் எப்போ வரைன்னு மூணும் இருக்கும். 'நிறுவனம்'ங்கிற இடம் காலியா இருந்தா அது டொமைன் சரிபார்ப்பு மட்டும்தான். அதுக்காக அந்த சைட் மோசடின்னு அர்த்தம் இல்லை; நம்ம சைட்டுலயும் காலியாத்தான் இருக்கும். 'இந்த சர்டிபிகேட் முதலாளி யாருன்னு சொல்லலை, நான் வேற இடத்துல விசாரிக்கணும்'னு எடுத்துக்கோங்க.

4. வெப்சைட்டோட வயசைப் பாருங்க.

ஹூஇஸ்னு தேடினா, எந்த முகவரி எந்தத் தேதியில பதிவாச்சுன்னு இலவசமா காட்டும். '20 வருட அனுபவம்'னு பெருமை அடிக்கிற சைட் போன மாசம்தான் பிறந்திருந்தா, முடிவு உங்க கையில. இன்னொரு வழியும் இருக்கு. 2018 ஏப்ரல் 30க்கு அப்புறம் வழங்கப்பட்ட சர்டிபிகேட் ஒவ்வொண்ணும் பொதுப் பதிவேட்டில இருந்தாதான் குரோம் ஏத்துக்கும். 'சி.ஆர்.டி. டாட் எஸ்.ஹெச்.'ங்கிற தளத்தில முகவரியைப் போட்டா அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாம். எங்க யு.டி.ஐ.என். மாதிரிதான்.

5. சட்டப்படி யாருன்னு பாருங்க.

இது எங்க ஏரியா. கடைன்னா வெப்சைட் அடியில ஜி.எஸ்.டி. எண் இருக்கான்னு பாருங்க. இருந்தா ஜி.எஸ்.டி. போர்ட்டல்ல லாகின் இல்லாமலேயே தேடலாம். சட்டப்பூர்வ பேர், பதிவான தேதி, இப்போ செயல்ல இருக்கா ரத்தாச்சா, எல்லாம் வரும். அந்தப் பேரும் வெப்சைட்ல இருக்கிற பேரும் ஒத்துப் போகுதா? கடன் ஆப்னா, பின்னாடி இருக்கிற நிதி நிறுவனம் ரிசர்வ் வங்கியோட பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. பங்கு, மியூச்சுவல் ஃபண்ட்னா, செபி பதிவு பெற்றவங்களுக்கு 2025 அக்டோபர் 1 முதல் '@வேலிட்'னு வர்ற தனி யு.பி.ஐ. ஐடி இருக்கு. 'செபி செக்'ல போட்டும் சரிபார்க்கலாம்.

6. கடைசியா, பணம் போற இடத்தைப் பாருங்க.

கம்பெனி வெப்சைட்ல பொருள் வாங்கறீங்க, யு.பி.ஐ. ஸ்கேன் பண்ணினா யாரோ ஒரு தனிநபர் பேர் வருது. அங்கேயே நிறுத்திடுங்க. சர்டிபிகேட்டை ஏமாத்தலாம், லோகோவை ஏமாத்தலாம். பணம் எந்தக் கணக்குக்குப் போகுதுங்கிறதை மறைக்கிறது ரொம்பக் கஷ்டம். முப்பது வினாடியில தெரிஞ்சுடும்.

இதுக்கெல்லாம் மேல ஒரு விதி: மெசேஜ்ல வந்த லிங்க்ல போய் லாகின் பண்ணாதீங்க. முகவரியை நீங்களே டைப் பண்ணுங்க. ரீஃபண்ட் ஏற்கெனவே நீங்க உறுதி செஞ்ச வங்கிக் கணக்குக்குத் தானா வரும். வருமான வரித்துறை உங்க பாஸ்வேர்டையோ ஓ.டி.பி.யையோ மெசேஜ்லயும் மெயில்லயும் கேட்கவே கேட்காது.

சர்டிபிகேட் எச்சரிக்கை வந்தா?

ஒரு எச்சரிக்கைப் பக்கம் வந்து 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல'ன்னு சொன்னா, 'பரவாயில்லை, தொடரவும்' கொடுக்காதீங்க. பேர் பொருந்தலைன்னா கண்டிப்பா வெளியே வந்துடுங்க. தேதி முடிஞ்சதுன்னு வந்தா, முதல்ல உங்க போன்ல தேதி சரியா இருக்கான்னு பாருங்க. பழைய போன்ல இன்னொரு பிரச்னையும் வரலாம். 2021 செப்டம்பர் 30 அன்னிக்கு லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. அப்டேட் ஆகாத பழைய கருவிகள்ல நல்ல வெப்சைட்களும் எச்சரிக்கை காட்டிச்சு. எதுவா இருந்தாலும் பணம் கட்டுற வேலையை மட்டும் வேற கருவியில, இன்னொரு நாள் வெச்சுக்கோங்க.

சொந்தமா வெப்சைட் வெச்சிருக்கிற வியாபாரிகளுக்கு

இலவச சர்டிபிகேட் உங்களுக்குத் தாராளமா போதும். அது தானா புதுப்பிக்கிற மாதிரி செட் பண்ணியிருக்கான்னு மட்டும் உறுதி செஞ்சுக்கோங்க. மிச்சமாகிற காசை பேக்கப், சாஃப்ட்வேர் அப்டேட், அட்மின் பாஸ்வேர்டுக்கு ரெண்டடுக்குப் பாதுகாப்பு இதுக்கெல்லாம் செலவு பண்ணுங்க. சர்டிபிகேட் எவ்வளவு உசத்தியா இருந்தாலும், அட்மின் பாஸ்வேர்டு கடைப் பேரும் 123ம்னா ஹேக்கர் முன்வாசல் வழியாவே வருவான்.

போன வருஷம் ஒரு கிளையண்ட்டோட செலவு பில்களைப் பார்த்துட்டு இருந்தேன். வெப்சைட் செஞ்சு கொடுத்தவர் 'எஸ்.எஸ்.எல். பிரீமியம்'னு நாலு வருஷமா வருஷத்துக்கு 6,000 ரூபாய் பில் போட்டிருந்தார். சைட்டைத் திறந்து பார்த்தா லெட்ஸ் என்கிரிப்ட்! போட்டுக் கொடுக்கிற வேலைக்கு, பராமரிப்புக்குக் கூலி கேட்கிறது நியாயம். ஓசியில வந்த பொருளுக்கு விலை போட்டது நியாயம் இல்லை. கேட்டதும் அடுத்த பில்லுல அந்த வரி காணாமப் போச்சு. உங்க பில்லையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

'எங்க சர்டிபிகேட்டுக்கு லட்சக்கணக்குல வாரண்டி உண்டு'ன்னு விக்கிறவங்களும் இருக்காங்க. அது பொதுவா, சர்டிபிகேட் அத்தாரிட்டி தப்பா சர்டிபிகேட் கொடுத்ததால வர்ற நஷ்டத்துக்கு மட்டும்தான். உங்க சைட் ஹேக் ஆனாலோ, உங்க பேர்ல எவனோ போலி சைட் வெச்சாலோ அந்த வாரண்டி வராது. நிபந்தனையைப் படிக்காம காசு கொடுக்காதீங்க.

பணம் போயிடுச்சுன்னா?

அடுத்த நிமிஷமே 1930க்குப் போன் பண்ணுங்க. வங்கிக்கும் உடனே சொல்லுங்க. 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்'ல புகார் பதிவு பண்ணுங்க. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள முடக்க முடிஞ்சா திரும்பக் கிடைக்க வாய்ப்பு இருக்கு.

2017 ஜூலையில ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையையும் தெரிஞ்சுக்கோங்க. தப்பு வங்கி மேலயும் இல்லாம, உங்க மேலயும் இல்லாம, வேற எங்கேயோ நடந்திருந்தா, 3 வேலை நாளுக்குள்ள வங்கிக்குச் சொன்னா உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள்னா ஒரு வரம்பு வரைக்கும் நீங்க ஏத்துக்கணும். ஆனா பாஸ்வேர்டை நீங்களே பகிர்ந்த மாதிரி உங்க கவனக்குறைவால போனதுன்னா, வங்கிக்குச் சொல்ற வரைக்கும் ஆகுற நஷ்டம் முழுக்க உங்களோடது. சொன்னதுக்கு அப்புறம் போறதுதான் வங்கியோடது.

தலைமை ஆசிரியர் மாட்டினது அந்தக் கடைசி வரியிலதான். "ஓ.டி.பி.யை நீங்கதானே சார் போட்டீங்க?"ன்னு வங்கியில கேட்டாங்க. 'பூட்டு இருந்துச்சு'ன்னு அவர் சொன்னதுக்கு அங்கே மதிப்பு இல்லை. ஆறு நாள் கழிச்சு 1930ல புகார் பண்ணினப்போ பணம் எப்பவோ கைமாறிப் போயிருந்தது. 62,000ல ஒரு ரூபாய்கூட திரும்பலை. முதல் நாளே வெட்கப்படாம பையன்கிட்டயோ என்கிட்டயோ சொல்லியிருந்தா ஒரு பகுதியாவது முடங்கியிருக்கலாம். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட இதை மட்டுமாவது இன்னிக்கே சொல்லி வைங்க: "ஏமாந்துட்டா திட்ட மாட்டோம், உடனே சொல்லுங்க."

மெயில் அனுப்பின நண்பருக்கு முடிவா ஒரு வார்த்தை. நம்ம சைட்ல இருக்கிறது ஓசி சர்டிபிகேட்தான். அது தன் வேலையைச் சரியா செய்யுது. நாங்க இங்கே உங்ககிட்ட பணமும் வாங்கறதில்லை, பாஸ்வேர்டும் கேட்கறதில்லை. நாளைக்கே எங்க பேர்ல ஒரு சைட் வந்து பணம் கேட்டா, பூட்டு இருந்தாலும் கட்டாதீங்க. முகவரியை வலமிருந்து இடமா படிங்க.

அந்தத் தலைமை ஆசிரியர் இப்பவும் வருஷா வருஷம் வர்றார். எந்த மெசேஜ் வந்தாலும் எனக்கு அனுப்பிட்டு, "கண்ணு, இது யாரு வீடு?"ன்னு கேட்பார். பூட்டைப் பத்திக் கேட்கிறதே இல்லை. அவர் கேட்கிறதுதான் சரியான கேள்வி.

இந்த ஆறு சோதனைகளையும் போன்ல செஞ்சு காட்டி ஒரு வீடியோ சேனல்ல போட்டிருக்கேன். வீட்டுல பெரியவங்க இருந்தா பக்கத்துல உட்கார வெச்சுப் போட்டுக் காட்டுங்க. அடுத்த வாரம் இன்னொரு விஷயத்தோட சந்திக்கலாம்.